மேற்குச் சுவருக்கு ஒரு கொடி

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக வாசலுக்கு வரமாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் துணி மூட்டையோடு தெருமுனையில் திரும்புவார். திரும்பியதும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு சுவருக்கு எதிரிலும் நிற்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் இருப்பார். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் வந்து, "செட்டியாரே, இருக்கீகளா?" என்று குரல் கொடுப்பார்.

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, திருட்டுக்கு இடம் பார்க்கிற ஆள் என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார்.

"என்னய்யா, சுவத்துல என்ன தேடுற?"

"வெயிலத் தேடுறேன்" என்றார் இவர்.

உண்மையான பதில்தான். ஆனால் கம்போடு நிற்கிறவரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. நான் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லி அவரை மீட்டு வந்தேன். வரும் வழியிலும் அவர் அந்தக் கம்புக்காரர் வீட்டுச் சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். "அந்த வீட்டுக்குத் தெக்க ஒரு பீர்க்கு போட்டா நல்லாருக்கும். கம்பக் கீழ போடட்டும், அப்புறம் சொல்லுவோம்" என்றார்.

வீரசோழன் ஊர் ராவுத்தர் அவர். எங்கள் அருப்புக்கோட்டைத் தறித்தெருவில் வேட்டியும் துண்டும் கைலியும் எடுத்துக்கொண்டு போய்த் திருச்சுழிப் பக்கத்துச் சந்தைகளில் விற்பார். தெருவில் அவருக்குக் கொடி ராவுத்தர் என்றே பெயர். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடியது. வீரசோழனிலிருந்து வந்து இறங்கும்போது அவருடைய வெள்ளைக் குல்லா சாம்பல் நிறமாகியிருக்கும். முகத்தில் வேர்வை ஓடிய இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். மடியில் ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கும் கொடித்துண்டில் மாத்திரம் ஒரு தூசி இருக்காது.

"அண்ணே, பஸ்ஸுல உக்காந்து வந்தீகளா, அடுப்புல உக்காந்து வந்தீகளா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்.

"அடுப்புப் பக்கந்தான் தங்கச்சி எடம் கெடச்சுச்சு. கொடிய மடியில வச்சு மறச்சுக்கிட்டேன். நான் வாடுனா ரெண்டு வாய் தண்ணி குடிச்சாச் சரியாப் போகும்."

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கொடிக்கு எங்கள் பேச்சில் என்ன சொல்லுவீர்கள் என்று ஒருநாள் கேட்டார். தீக என்று சொன்னேன். அன்றிலிருந்து எங்களிடம் மட்டும் அவருக்கு எல்லாக் கொடியும் தீகதான். "தீக எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார்.

அவர் கொடி விற்கிறவர் இல்லை. கேட்டால் கொண்டுவந்து தருவார், அவ்வளவுதான். ஆனால் கேட்டதைத் தரமாட்டார். டவுனில் பஞ்சு வியாபாரி ஒருவர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மதுரையில் ஏதோ பங்களா வாசலில் பார்த்தாராம். வளைவு போட்டு, அதன்மேல் காகிதப்பூக் கொடியை ஏற்றியிருந்தார்களாம், ரத்தச் சிவப்பாகப் பூத்துக் கிடந்ததாம். தன் வீட்டுக்கும் அதுதான் வேண்டும் என்றார். ராவுத்தர் அந்த வாசலுக்கு எதிரே ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றார்.

"இந்த வாசல் வழியா யாரு போவாக வருவாக?" என்று கேட்டார்.

"யாரு போவாக? நாங்கதான். பஞ்சு சுமக்குற பொம்பளைக போவாக."

"தலையில மூட்டையோடயா?"

"பின்ன, மூட்டைய இடுப்புலயா வச்சுக்கிட்டு வருவாக?"

"காகிதப்பூவுக்கு முள்ளு உண்டு. மூட்டையப் பிடிச்சு இழுக்கும். முடியப் பிடிச்சு இழுக்கும். அதுக்குக் கையும் கெடையாது, சுத்தவும் தெரியாது. முள்ளக் கொண்டுதான் மாட்டிக்கிட்டு மேல போகும். ஆள் நடமாட்டமில்லாத வேலியில போடுங்க, அழகா இருக்கும். வாசலுக்குச் சங்குப்பூ வைங்க. நூல் மாதிரி ஏறும், யாரையும் தொடாது."

வியாபாரிக்கு முதலில் மனத்தாங்கல்தான். வாசலில் நீலமாகப் பூ வந்த பிறகு, அதைப் பறித்துப் பூஜைக்கு வைக்க முடிகிறது என்று அவர் வீட்டுப் பெண்கள் சொன்ன பிறகுதான் சரியானார்.

கொடிகளைப் பற்றிப் பேசும்போது ராவுத்தர் பூவைப் பற்றிப் பேசமாட்டார், காயைப் பற்றியும் பேசமாட்டார். அது எதைக்கொண்டு ஏறுகிறது என்றுதான் பேசுவார். பீர்க்கும் பாகலும் சுருட்டுக் கம்பி மாதிரி ஒன்றை நீட்டிப் பிடிக்கும். முல்லை சும்மா சாய்ந்துகொள்ளும், நாம்தான் தூக்கிவிட வேண்டும். சில கொடி சுவரிலேயே வேரை ஊன்றி ஏறும், அது மண்சுவருக்கு ஆகாது. அவரைக்கொடி தன் உடம்பையே கம்பில் சுற்றிக்கொண்டு போகும். இதில் எது எந்த வீட்டுக்கு என்பதுதான் அவருடைய யோசனை. அவரைக்கொடியிடம் மட்டும் அவருக்குத் தனியாக ஒரு பிடிப்பு இருந்தது. எந்த வீட்டில் அவரைப் பந்தல் கண்டாலும் நின்றுவிடுவார். இளநுனி எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது என்று பார்ப்பார். கம்பில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து, நுனி எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.

பாளையம்பட்டியில் எங்கள் சாதிக்காரர் ஒருவர், அவரும் தறிக்காரர்தான், இவர் கொடுத்த புடலைக்கொடியைப் பந்தலில் ஏற்றினார். கட்டுவதற்கு வீட்டில் கிடந்த அறுந்த பாவு நூலை எடுத்துக்கொண்டார். தறிக்காரன் வீட்டில் கட்டுகிற பொருள் வேறு என்ன இருக்கும்? பாவு நூல் என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற, கஞ்சி போட்டு விறைப்பாக்கின நூல். அந்தக் கஞ்சி வாசனைக்குத் தெரு ஆடுகள் வந்தன. நூலைத்தான் தின்ன வந்தன, ஆனால் இழுத்த இழுப்பில் பந்தலே கீழே வந்துவிட்டது. அவர் ராவுத்தரிடம் சண்டைக்கு வந்தார்.

"ராவுத்தரே, ஒம்ம கொடி ஆட்டைக் கூப்பிடுதய்யா."

ராவுத்தர் விழுந்து கிடந்த பந்தலைச் சுற்றிப் பார்த்தார். நூல் துண்டை எடுத்து முகர்ந்தார். நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"நல்ல கஞ்சியா இருக்கே. ஒங்க வீட்டுல சுடுகஞ்சியா, பழைய கஞ்சியா?" என்று கேட்டார்.

சண்டைக்கு வந்தவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எவரும் கொடியை நூலால் கட்டியதில்லை. பனைநாரால்தான் கட்டினோம்.

எங்கள் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன்.

எங்கள் தெரு அம்மனுக்குப் பங்குனிப் பொங்கலில் புதுப்புடவை சாத்துவது வழக்கம். சின்னப் புடவைதான். வீட்டு முறை வைத்து, ஆண்டுக்கு ஒரு வீட்டுத் தறியில் நெய்வோம். தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுவது எல்லோரும் செய்வதுதான். அம்மன் புடவையில் மட்டும் முடிச்சு விழக்கூடாது. விழுந்தால் அந்தப் பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேறு பாவு ஏற்றுவார்கள். யுத்தத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு அதற்கும் வழியில்லை. ஒரு பாவுக்குத்தான் நூல் கிடைக்கும். அது போனால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டுக்கு முறை வந்து, இழை அறுந்து, மாற்றி ஏற்றிய பாவிலும் அறுந்து, முறை கைமாறிப் போயிருந்தது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு பங்குனிப் பொங்கலன்று கோயிலில் முன்வரிசையில் நிற்காமல் பின்னால் போய் நிற்பார். அதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது என் காலத்தில் முறை மறுபடி வந்தது. அதே அறை, அதே குழித்தறி, அதே மேற்குச் சுவர். பங்குனி வெயில் மதியத்துக்குப் பிறகு முழுக்க அந்தச் சுவரில்தான் அடிக்கும். மண்சுவர் சூடேறி அறை காய்ந்துபோகும். காய்ந்த அறையில் பாவு இழை முறுக்காகி, தொட்டால் சொடுக்கென்று அறும்.

முறை எங்களுக்கு என்று ஆவணியில் தெரிந்ததும் ராவுத்தரிடம் சொன்னேன். "மேற்கே ஒரு முல்லை வச்சுக் குடுங்க. நிழலுக்கு நிழலும் ஆச்சு, அம்மனுக்குப் பூவும் ஆச்சு" என்றேன்.

அடுத்த தடவை வந்தபோது அவர் வீட்டைச் சுற்றிவிட்டு வாசலுக்கு வரவில்லை. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு சந்து. அந்தச் சந்தில் வெயில் இறங்கும் வரை நின்றார்.

"முல்லை இந்த வருசம் குச்சியாத்தான் நிக்கும் செட்டியாரே. பங்குனிக்கு ஒங்களுக்குப் பூவுந் தராது, நிழலுந் தராது. பீர்க்கு தையிலயே காஞ்சிரும். சுரையோட பாரத்தச் சட்டம் தாங்காது. அவரைதான். இப்பப் போட்டா மாசிக்குள்ள அடையா மூடும். ஆனா சுவத்துல சாத்தாதீக. சுவத்துக்கும் கொடிக்கும் நடுவுல ஒரு ஆள் கைய விட்டு எடுக்குற எடைவெளி வேணும். அதுல காத்து ஓடணும். நிழல் மட்டும் போதாது, காத்தும் வேணும்."

புரட்டாசி மழைக்கு விதை போட்டோம். பருத்திமார்க் குச்சிகளையும் மூங்கில் கம்பையும் வைத்துச் சட்டம் கட்டினோம். கஞ்சி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். கார்த்திகையில் கொடிகள் கம்பைப் பிடித்து ஏறத் தொடங்கின. அப்போதுதான் என் மனைவி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

அவள் தினமும் குளித்துவிட்டு அம்மன் சன்னதியைச் சுற்றி வருகிறவள். சன்னதி வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுவது நம் வழக்கம். கொடியோ கம்பை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒன்றல்ல, அத்தனை கொடியும் அப்படித்தான் ஏறின.

"என்னங்க, இது அப்பிரதட்சணமா ஏறுது. அம்மன் புடவை நெய்யிற சுவத்துல இது நல்லதா?" என்றாள்.

நானும் போய்ப் பார்த்தேன். கண்ணால் பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவள் தானாக ஒரு முடிவு செய்தாள். காலையில் கோயிலுக்குப் போய் வந்து, ஒவ்வொரு நுனியையும் கம்பிலிருந்து பிரித்து, வலமாகச் சுற்றிவிட்டு, பனைநாரால் தளரக் கட்டிவிடுவாள். சாயங்காலத்துக்குள் நுனி கட்டிலிருந்து நழுவி மறுபடி தன் பக்கமே திரும்பிவிடும். மறுநாள் அவள் மறுபடி பிரிப்பாள். இப்படியே போய், பிரிக்கப் பிரிக்கச் சில நுனிகள் ஒடிந்தன. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குக் கொடியே இல்லாமல் சட்டம் வெறுமனே நின்றது. சரியாக அந்த இடத்துக்குப் பின்னால்தான் உள்ளே தறி இருந்தது.

ராவுத்தர் வந்தார். வீட்டைச் சுற்றினார். சந்துக்குள் போனவர் வாசலுக்குத் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வாடிய நுனிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத ஆடு செய்யலை" என்றார்.

என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "நான்தாண்ணே" என்றாள். விஷயத்தைச் சொன்னாள். "அம்மன் காரியம். தப்பாச் சுத்துறத விட்டுட்டு எப்படி இருக்குறது? ஒங்களுக்கு இது சரியாத் தெரியாட்டி, வலமா ஏறுற கொடி ஒண்ணு கொண்டாங்க."

அவர் கோபப்படவில்லை. முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அது என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"வலமா ஏறுற கொடி இருக்குமோ என்னமோ, நான் இன்னும் பாக்கலை தங்கச்சி. நீ சொன்னது யோசிக்க வேண்டிய விசயந்தான்" என்றார். கொடியை மேலிருந்து பார்த்தார். சட்டத்தின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். சந்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துண்டை விரித்து, கொடியின் தூரில் தலையை வைத்துத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

சந்தில் போன கிழவி ஒருத்தி, "ஐயையோ, ராவுத்தருக்கு மயக்கமா? தண்ணி கொண்டாங்க" என்றாள்.

"தண்ணிய அவரைக்கு ஊத்துங்க ஆத்தா. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் படுத்தபடியே. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இங்க இருந்து பாத்தா வலமாப் போகுதே."

"அது எப்படிண்ணே? கொடி ஒண்ணுதான?"

"கொடி ஒண்ணுதான். நான் நின்னுக்கிட்டு மேல இருந்து குனிஞ்சு பாத்தேன், அப்ப இடம். வேரு கெடக்குற எடத்துல இருந்து அண்ணாந்து பாத்தா வலம். நான் சொல்றத நம்பாத. நான் போனப்புறம் நீயே பாரு."

அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நானும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பியபோது என் மனைவியை வீட்டில் காணவில்லை. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, கோரைப்பாயை விரித்துக் கொடியின் தூரில் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டாள். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சிரிப்பு.

"ராட்டை மாதிரிங்க" என்றாள். "ராட்டைக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்து சுத்துறேன். அந்தப் பக்கம் நீங்க நின்னு பாத்தா ஒங்களுக்கு எதுத்த பக்கமாச் சுத்தும். ராட்டை ஒண்ணுதான். இத்தன வருசம் நூலு சுத்துறேன், இது தோணலையே."

"அப்ப அம்மனுக்கு?"

"நாம கீழ இருந்துதான கும்பிடுறோம்" என்றாள். அதோடு பிரிப்பதை விட்டுவிட்டாள்.

கொடி தேறியது. தையில் பூத்தது, மாசியில் காய்த்துத் தள்ளியது. ஆனால் நுனி ஒடிந்த நடு இடம் முழுதாக மூடவில்லை. பங்குனியில் பாவு ஏற்றினோம். காலையில் பயமில்லை. மதியம் தாண்டியதும் நான் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ராவுத்தரைப் போலவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர் முழுக்க மண்பானை மாதிரிக் குளிர்ந்திருந்தது, அந்த நடு இடம் மட்டும் சுட்டது. என் மனைவி அந்த இடத்துக்கு வெளியே ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே நான் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஊடை நூல் கொண்டுபோகும் நாடாவை ஓட்டினேன்.

முந்தானைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இழை நைந்தது. மயிர் மாதிரி மெலிந்து, இப்போ அறவா, பிறகு அறவா என்று நின்றது. நான் நாடாவை நிறுத்திவிட்டேன். என் அப்பாவுக்கும் இதே அறையில் இதே இடத்தில்தான் இப்படி ஆகியிருக்கும் என்று தோன்றியது. அந்த நேரம் வாசலில் ராவுத்தரின் குரல் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. அம்மன் புடவை தறியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்று, "செட்டியாரே, தறிச்சத்தம் நின்னு போச்சே" என்றார்.

"ஒரு இழை நைஞ்சிருக்கு."

"அவசரப்படாதீக. சாக்க இன்னொருக்கா நனைக்கட்டும். அறைக்குள்ள ஈரம் வரட்டும். அதுக்கும் மூச்சு வாங்கணும்ல."

காத்திருந்தோம். வெளியே சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கொடிக்கும் சுவருக்கும் நடுவே காற்று புகுந்து வந்து, ஈரமண் வாசனையோடு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. என் மனைவி தீர்த்தச் சொம்பிலிருந்து விரலை நனைத்து அந்த இழையை மெல்ல உருட்டிவிட்டாள். நான் நாடாவை ஓட்டினேன். இழை நின்றது. புடவை முடிந்தது. ஒரு முடிச்சும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மன் செய்தாள், வேறென்ன சொல்ல.

வெளியே வந்து ராவுத்தரிடம் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் நான் நேராகக் கேட்டேன்.

"ராவுத்தரே, இந்த அவரையில அப்படி என்னதான் பாக்குறீக?"

"எங்க பெரியத்தா, அத்தாவோட அண்ணன், மக்காவுக்குப் போயிட்டு வந்தவுக. அங்க அல்லாவோட வீடான காபத்துல்லாவ எல்லாரும் இடக்கைப் பக்கம் வச்சுத்தான் சுத்துவாகளாம். சின்னப் பிள்ளையில அத அவுக சொல்லிக்கிட்டு இருக்கயில, எதுத்தாப்புல அவரைக்கொடி கம்பச் சுத்தி நிக்குது. அதே பக்கம். அன்னையில இருந்து இந்தக் கொடியப் பாத்தா நிக்காமப் போக முடியலை. நானும் போகணும்னு பெட்டி கட்டி வச்சேன். யுத்தம் வந்துருச்சு. கப்பல் இல்ல."

"இத என் வீட்டுக்காரிகிட்ட ஏன் சொல்லலை?"

"அவ நெஞ்சுல அம்மன் புடவை இருந்துச்சு. அதுக்குள்ள நான் என் ஆசையக் கொண்டுபோய்ச் சொருகவா? அவளுக்கு அவ பக்கம் சரியாத் தெரியணும், அதான முக்கியம். எனக்கு என் பக்கம் முன்னாடியே தெரியும்."

பங்குனிப் பொங்கலன்று சாயங்காலம் அம்மன் எங்கள் வீட்டுப் புடவையைச் சாத்திக்கொண்டு பல்லக்கில் வந்தாள். எங்கள் சந்து வழியாகத்தான் போனாள். நான் முன்வரிசையில் நடந்தேன். ராவுத்தர் சந்தின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, கைகட்டி நின்றார். பல்லக்கு தாண்டிப் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"செட்டியாரே, உச்சியப் பாத்தீகளா?"

பார்த்தேன். கம்பு முடிந்துபோயிருந்தது. கொடியின் நுனி அதற்கும் மேலே வெறும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. காலையில் கிழக்கே பார்த்திருந்தது. இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"பிடிக்க ஒண்ணுமில்ல. ஆனாலும் சுத்துறத விடலை" என்றார். சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று நான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நீளமான மூங்கில் ஒன்று வேண்டும் என்றாள். பழைய கம்போடு அதைச் சேர்த்துப் பனைநாரால் அவளே கட்டினாள். நுனியைத் தொட்டாள். ஆனால் சுற்றிவிடவில்லை. கம்பின் பக்கத்தில் சாய்த்து மட்டும் விட்டாள். சாயங்காலம் அது தன் பக்கமே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

யுத்தம் முடிந்து கப்பல் விட்ட காலத்தில் ராவுத்தர் பயணம் சொல்லிக்கொள்ள வந்தார். அன்றைக்கும் வாசலுக்கு வராமல் வீட்டைத்தான் சுற்றினார். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள், என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "கவனிச்சீகளா? இந்த மனுசன் எப்பவும் சுவத்த இடக்கைப் பக்கம் வச்சுத்தான் சுத்துறாக."

அவர் கிழக்கு, வடக்கு என்று வந்து மேற்குத் திருப்பத்தை அடைந்தபோது அவள் சந்தின் முனையில் போய் நின்றாள்.

"அண்ணே, மேற்கு இன்னைக்கு வேண்டாம். அதப் பயணம் போயிட்டு வந்து பாருங்க."

அவர் புரிந்துகொண்டார். அங்கேயே நின்று திரும்பி முன்பக்கமாக வந்து விடைபெற்றார். "இன்ஷா அல்லா, வந்து பாக்குறேன் தங்கச்சி. கொடிக்குத் தண்ணி ஊத்து" என்றார். அவள் மடியில் முடிந்து வைத்திருந்த அவரை விதையைக் கொடுத்தாள். அங்கே போட மண் கிடைக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றார். ஆனாலும் வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார், தாடி வெளுத்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மேற்குச் சந்துக்குத்தான் போனார். அந்த வருஷத்துக் கொடி பாதிக் கம்பு ஏறியிருந்தது. நாங்கள் இருவரும் போய் நின்றோம். விதையைப் போட இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொடுத்தார். ஊரெல்லாம் மக்காவைப் பற்றி என்னென்னவோ கேட்டிருக்கும். என் மனைவி கேட்டது இது ஒன்றுதான்.

"அண்ணே, ஒங்க பெரியத்தா சொன்ன மாதிரி இடக்கைப் பக்கமாத்தான் சுத்துனீகளா?"

அவர் உள்ளங்கையைக் கம்பில் வைத்துக்கொண்டார்.

"தெரியலை தங்கச்சி. முன்னாலயும் ஆளு, பின்னாலயும் ஆளு. சுத்தத் தொடங்குனதும் இடமா வலமான்னு ஒண்ணுமே தோணலை. அப்படியே போறேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு கொடியை அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டு வருசம் இதப் போய் எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்கே தெரிஞ்சிருக்காது."